ரீஃப் டேங்குக்கு நிலா காட்டியவர்கள் வாங்க, பார்த்ததைச் சொல்லுங்க

பாளையங்கோட்டை:

பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டிக்கு (அதுதான் ரீஃப் டேங்க்) நிலா வெளிச்சம் வைத்திருக்கிறீர்களா என்று நம்ம பக்கத்துக்காரர்களிடம் கேட்டால், பாதிப்பேர் "ராத்திரி நீல லைட் போடுவேன், பார்க்க நல்லாயிருக்கும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிலா என்றால் வளரணும், தேயணும், நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் பிந்தி எழணும், அமாவாசைக்கு ஆளே வரக்கூடாது. விடிய விடிய ஒரே அளவில் எரிகிற நீல பல்பைத் தெருவிளக்குக் கணக்கில்தான் சேர்க்க முடியும்.

என் தொட்டியில் சாஃப்ட் கோரல்தான்: தோல் பவளம், காளான் பவளம், கொஞ்சம் ஜோவாந்தஸ் (பொத்தான் பவளம்), ஒரு ஜோடி க்ளவுன் மீன். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தூத்துக்குடி பக்கம்தானே என்று யாராவது ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினால் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

நிலாவுக்கு நான் பிடித்துக்கொண்டது சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரை. முப்பது திதி, ஒவ்வொன்றும் சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவே பன்னிரண்டு பாகை. ஆர்டுயினோவில் (விளக்கை நிரல்படி ஓட்டுகிற சின்னக் கணினிப் பலகை) முப்பது வரி எழுதிவிட்டால் மாதம் முழுக்க அடங்கிவிடும். ஆனால் அஷ்டமிக்கு அரை நிலா என்பதால் வெளிச்சமும் பாதி என்று வைக்கக்கூடாது. அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் பக்கவாட்டு வெயிலில் அதன் மேடுபள்ளங்களின் நிழல் அதன்மேலேயே விழுகிறது. அதனால் என் பட்டியலில் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று திதிக்குத்தான் வெளிச்சம் சட்டென்று ஏறி இறங்கும், மற்ற நாளெல்லாம் மங்கல். கடையில் வாங்கும் சில விளக்குக் கன்ட்ரோலர்கள் 28 நாள் சுற்றாக ஓடும். உண்மையான சுற்று 29.53 நாள். மாதத்துக்கு ஒன்றரை நாள் வீதம் விலகி, பத்து மாதத்தில் வெளியே அமாவாசை, தொட்டியில் பௌர்ணமி என்று ஆகிவிடும்.

அடுத்தது அளவு. முழு நிலாவே தரையில் 0.3 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தாண்டுவது அபூர்வம். மூன்று வாட் எல்இடியைக் கன்ட்ரோலரில் எவ்வளவு குறைத்தாலும் அதன் கடைசிப் படியே நிலாவை விடப் பிரகாசமாக நிற்கும். ஆகவே ஒரே ஒரு பொடி எல்இடி, அதற்கு முன்னால் பெரிய ரெசிஸ்டர், முகத்தைத் தண்ணீருக்குக் காட்டாமல் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். சோதிப்பதற்கும் அதே காலண்டர்தான். அறையில் மற்ற விளக்கெல்லாம் அணைத்து, கண் இருட்டுக்குப் பழகியபிறகு தொட்டிக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்துப் பார்க்கிறேன்: தேதியின் பெரிய எண் தெரியலாம், கீழே இருக்கிற ராகு காலம், எமகண்டம் பொடி எழுத்து தெரியவே கூடாது. தெரிந்தால் இன்னொரு ரெசிஸ்டர்.

நிறம் பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலா நீலம் கிடையாது, வெயிலை விடக் கொஞ்சம் செம்மையானது, மங்கலான ஒளியில் நம் கண்ணுக்குத்தான் நீலமாகப் படுகிறது. ஆனால் கடலில் சில ஆள் ஆழம் போனால் தண்ணீரே சிவப்பைத் தின்றுவிடுகிறது என்பதும் உண்மைதான். நான் வெள்ளை எல்இடிக்கு மெல்லிய நீலத்தாள் ஒட்டியிருக்கிறேன், யாரும் வழக்குப் போடவில்லை.

இதெல்லாம் எதற்கு என்றால், இருட்டுக்காக. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் கூட்டமாக முட்டையிடுவதை 1984இல் எழுதினார்கள். அதற்கு நிலா வெளிச்சம் காரணம் என்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்க, தைவானில் ஒரு குழு பவளங்களை வைத்துச் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து சூரியன் மறைவதற்கும் நிலா எழுவதற்கும் நடுவில் ஒரு இருட்டு விழுகிறதே, அந்த இருட்டுதான் அடையாளமாம். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழு சிங்கப்பூரிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கொண்டுபோன பவளங்களை மூடிய தொட்டிக்குள் முட்டையிட வைத்ததும் (2017இல் எழுதினார்கள்) வெப்பம், பகல் நீளம், நிலா எழும் நேரம் எல்லாவற்றையும் சொந்தக் கடல்போலவே ஓட்டித்தான்.

நம் வீட்டுச் சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்து வந்து பார்க்கிற ஆசையில் தொட்டியின் சூரியனை ராத்திரி ஒன்பது மணிக்கு அணைக்கிறோம். வெளியே ஆறரைக்கே பொழுது சாய்ந்தாயிற்று. பஞ்சாங்கத்தில் போட்ட சந்திரோதயத்தை அப்படியே வைத்தால் அந்த இடைவெளி இருட்டு பகல் லைட்டுக்குள்ளேயே கரைந்துபோகும். சூரியனைத் தள்ளியவர்கள் நிலாவையும் அதே இரண்டரை மணி நேரம் தள்ளுங்கள்.

பார்த்தது? பவளம் வளர்ந்ததில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அப்படித் தெரிந்தது என்று சொல்லி விளக்கு விற்கிறவர்களை நம்பாதீர்கள். தெரிந்தது ராத்திரி நடமாட்டம். வளர்பிறை ஏகாதசி வாக்கில் பாறைச் சந்திலிருந்து உடுமீனின் (நட்சத்திர மீன் வகை) இரண்டு கைகள் மட்டும் நீண்டு ஆடும், உடம்பு வராது. அமாவாசையை ஒட்டி ஆளே மணலில் இறங்கி நடக்கிறார். கையில் மங்கலான சிவப்பு டார்ச் இருந்தால் கண்கொள்ளாக் காட்சி.

உவரி:

அண்ணாச்சி, உங்க உடுமீன் செய்வதைத்தான் எங்க அப்பா கடலில் பார்த்திருக்கிறார். நிலவு நேரத்தில் வலையை மீன் கண்டுகொள்ளும், இருட்டில்தான் சாளை மடி கனக்கும் என்பார். நண்டும் அமாவாசைக்குத்தான் சதை பிடிக்கும் என்று எங்க வீட்டில் பௌர்ணமி நண்டை வாங்கவே மாட்டார்கள், அது எவ்வளவு நிஜமோ, பழக்கம் விடவில்லை. என் தொட்டியில் நான் கண்டது சங்கு நத்தை. பௌர்ணமி கழிந்த ஒரு இரவில் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஏறி வந்து, உடம்பைத் தூக்கிப் புகை மாதிரி வெள்ளையாக விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் விட்டது. தண்ணீர் கலங்கி ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கி எடுக்கிற கருவி) நுரை தள்ளிக்கொண்டு வழிந்தது. நிலாதான் காரணம் என்று சத்தியம் பண்ணமாட்டேன், அன்றைக்குத்தான் தண்ணீரும் மாற்றியிருந்தேன்.

தென்காசி:

தம்பி சொன்ன நத்தைக்கதை இருக்கட்டும், க்ளவுன் வைத்திருக்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன். பானை ஓட்டின் உள்பக்கம் முட்டை வைக்கும். முதலில் ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு, கடைசியில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண் மினுங்கும். ஆண் மீன் வாயாலும் துடுப்பாலும் விசிறிக்கொண்டே இருக்கும், சோறு தண்ணி கிடையாது. கண் வெள்ளியாகிவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரத்துக்குள் பொரிக்கும், இருட்டு இருந்தால் மட்டும். நான் நிலா நிரலை அந்த இரவுகளில் கையாலேயே நிறுத்திவிடுவேன், பௌர்ணமியாக இருந்தாலும் சரி. 2019இல் ஆஸ்திரேலியாவில் இதே க்ளவுன் மீனை வைத்து, ராத்திரி வெளிச்சம் பட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் போட்டது நிலாவைவிடப் பல மடங்கு வெளிச்சம், தெருவிளக்கு அளவு. அதனால் நிலாவைக் கண்டு பயப்படாதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். எங்க தெருவில் புது எல்இடி விளக்கு போட்டபிறகு, அறைக்குக் கனமான திரை வாங்கித் தொங்கவிட்டதுதான் இந்த வேலையிலேயே பெரிய செலவு.

வள்ளியூர்:

திரை சரி அக்கா, கரண்ட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? ஆடிக் காத்தில் எங்க பக்கம் ஒரு நாளில் எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணவே முடியாது. பம்புக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் மாற்றுகிற அந்த நொடியில் போர்டு மறுபடி ஆரம்பித்து, தனக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி, பிரதமை என்று நினைத்துக்கொள்கிறது. போன வாரம் மத்தியானம் பார்த்தால் தொட்டியில் பிறை.

பாளையங்கோட்டை:

வள்ளியூர் தம்பிக்கு: நாணய பேட்டரி போட்ட டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்று வாங்கிச் சேருங்கள். கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும், வருஷத்துக்கு ஒரு நிமிஷம் முன்பின் ஆனால் அதிகம். நிரலில் திதியை எண்ணிக்கொண்டு போகாமல், தேதியிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போடும்படி மாற்றிவிடுங்கள். அப்புறம் எத்தனை தடவை கரண்ட் போய் வந்தாலும் திதி மாறாது. உவரித் தம்பி, அடுத்த முறை நத்தை ஏறினால் அன்றைக்கு என்ன திதி, தண்ணீர் மாற்றினீர்களா என்பதையும் குறித்துப் போடுங்கள்.