கோபியிலிருந்து லடாக் வரை காரில், அப்பாவோடு: மணாலி வழியா, ஸ்ரீநகர் வழியா?

கோபி மஞ்சக்காடு:
வணக்கமுங்க. வர்ற செப்டம்பரில் எங்கள் டீசல் காரிலேயே லே வரை போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரம்மா, அப்பா, மூன்று பேர். கையில் இருபது நாள் இருக்கிறது. அப்பாவுக்கு 66 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். முப்பது வருஷம் சங்ககிரி லாரியில் ஓடியவர், ஜம்மு வரை லோடு போயிருக்கிறார், அதற்கு மேலே மலையைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் கேட்பார், இந்தப் பயணமே அதற்காகத்தான். மணாலியில் ஒரு ராத்திரி, மணாலி-லே ரோட்டில் நடுவில் வரும் சர்ச்சூவில் ஒரு ராத்திரி, மறுநாள் லே என்று போட்டிருக்கிறேன். இது சரியா வருமா? டீசல் கேன் கட்டிக்கொண்டு போகணுமா? போன் சிக்னல் எப்படி?

திருச்செங்கோடு ரிக்:
எங்கள் போர்வெல் வண்டிகள் வடக்கே ஓடுவதால் நாக்பூர், குவாலியர் ரோடு எனக்குப் பழக்கமுங்க. சேலத்தில் என்.எச். 44 ஏறினால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, ஜம்மு, ஸ்ரீநகர் வரை அதே ரோடுதான். ராத்திரி ஓட்டாமல் போக ஐந்தாறு நாள், வர அதே அளவு வைத்துக்கொள்ளுங்கள். நாலே நாளில் போய்விடலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் மலை ஏறக் கூடாது. டயர் தேய்ந்திருந்தால் இங்கேயே மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள், டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் வண்டியிலேயே இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதிக்காமல் கியரில் இறக்க வேண்டும் என்று அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

கோவை சரவணம்பட்டி:
நண்பரே, அந்த சர்ச்சூ தங்கலை முதலில் அடித்துவிடுங்கள். மணாலி 2,050 மீட்டர், சர்ச்சூ ஏறக்குறைய 4,300. நாங்கள் இதே மாதிரி ஒரே நாளில் ஏறிப் போய் அங்கே படுத்தோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மனைவிக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. இறங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் கணவாய், மறுபடி ஏறித்தான் இறங்க வேண்டும். விடியும்வரை நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

அதனால் போகும்போது ஸ்ரீநகர் வழிதான். ஸ்ரீநகர் 1,600, கார்கில் 2,700, அப்புறம் லே 3,500. நடுவில் ஃபோட்டு லா கணவாய் 4,100 வரை போகும், ஆனால் அங்கே படுக்கப் போவதில்லை, தாண்டி இறங்கிவிடுவீர்கள். படுக்கிற இடம் எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. லே போய்ச் சேர்ந்து இரண்டு முழு நாள் எங்கும் போகாமல் இருந்துவிட்டு, திரும்பும்போது மணாலி வழியே வாருங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், சர்ச்சூவில் நிற்காமல் விடியற்காலையில் கிளம்பி, அதற்குக் கீழே இருக்கிற ஜிஸ்பா ஊர் வரை இறங்கிவிடலாம். மத்தியானத்துக்கு மேல் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறும், காலையில் கணுக்கால் அளவு இருந்தது சாயந்திரம் முழங்காலுக்கு வந்துவிடும், அதற்காகவும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

டீசலுக்கு, மணாலிப் பக்கம் தண்டி என்ற ஊர் பங்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று பலகையே வைத்திருந்தார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் வருவதால் லேயிலோ, அதைத் தாண்டி வரும் காரு என்ற ஊரிலோ டேங்க்கை நிரப்பிவிடுங்கள், உங்கள் வண்டிக்கு அது போதும், கேன் வேண்டாம். போன் விஷயத்தில் ஒன்றுதான், நம்மூர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்றாவது வேண்டும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறை நர்ஸ்:
அண்ணா, அப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லேயில் கிடைக்கிற ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், முதல் நாட்களில் அங்கே பிரஷர் ஏறுவதும் உண்டு. கிளம்ப ஒரு மாதம் முன்பே அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டுங்கள். மலைக்குப் போகிறவர்கள் போடும் அசிட்டசோலமைடு மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அது சிறுநீரை அதிகமாக்கும், பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். தலைவலி வந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் உடனே கீழே இறக்கிவிடுங்கள். லாரி ஓட்டியவர்கள் வலியை வெளியே சொல்ல மாட்டார்கள், எங்கள் அப்பாவும் அப்படித்தான். நீங்களே கேட்டுக்கொண்டே இருங்கள்.

கோபி மஞ்சக்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்ரீநகர் வழி போய் மணாலி வழி திரும்புவது என்று முடிவு செய்துவிட்டோம், இருபது நாளை இருபத்து மூன்றாக்கக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நர்ஸ் தங்கச்சி எழுதியதைக் கேட்டுவிட்டு, போன வாரம் படி ஏறும்போது மூச்சு வாங்கியது என்று இப்போதுதான் சொல்கிறார். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், அவர் சரி என்ற பிறகுதான் அறை போடப் போகிறேன்.