பெரியாத்தாவின் பெயர்

கோத்தகிரி

2009-ல் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், தவறியபோது இறப்புச் சான்றுக்கான படிவத்தை அப்பாதான் நிரப்பினார். அப்பாயியின் தகப்பனார் பெயரை எழுதிவிட்டார். தாயார் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "பெரியாத்தான்னுதான் அம்மா சொல்லும். தோட்டம் முழுக்க அப்படித்தான் சொல்லுவாங்களாம்" என்றார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அந்தக் கோடு என்னை விடவில்லை. என் அப்பாயியைப் பெற்றவளுக்கு ஒரு பெயர் இல்லாமலா போயிருக்கும்?

நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. எங்கள் தாத்தாவுக்கு விழுந்தது இந்தியா. அவர் கூடப்பிறந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். 1972-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்துவிட்டு, தாயகம் திரும்பியோருக்கென்று அரசு நீலகிரியில் வைத்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து.

அப்பாயி கொண்டுவந்த தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று, தேயிலைச் செடியைக் கழிக்கிற, தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி. பாஸ்போர்ட்டில் அப்பாயியின் படமும், உள்ளே பிள்ளைகள் நாலு பேரின் பெயரும் வயதும் உண்டு. பிறந்த இடம் என்று ஒரு எஸ்டேட்டின் ஆங்கிலப் பெயர். அந்தப் பெயர் அப்பாயி வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை, அவர் சொன்ன பெயரே வேறு. மலையகத்தில் வேர் தேடுகிறவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல தோட்டங்களுக்குத் துரை வைத்த பேர் ஒன்று, நம் சனம் வைத்த பேர் ஒன்று. காகிதத்தில் இருப்பது துரை வைத்தது. வழி சொல்வது மற்றது.

2019 ஜனவரியில் நானும் தம்பியும் போனோம். கொழும்பு கோட்டையில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கி, பொகவந்தலாவைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தோம். பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொன்னபோது கண்டக்டர் யோசித்தார். அப்பாயி சொன்ன பெயரைச் சொன்னதும் பின்னாலிருந்து மூன்று பேர் ஒரே குரலில் எங்கே இறங்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்த நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தோட்ட ஆபீஸில் ஆள் கணக்கு எழுதிய பழைய செக்ரோல் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டோம். கூரை ஒழுகி நனைந்துபோனதை எப்போதோ எரித்துவிட்டார்களாம். வெளியே வந்து குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில் உட்கார்ந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண் ஒருத்தி எங்களை விசாரித்துவிட்டு, "எங்க அம்மாயிகிட்ட கேட்டுப் பாருங்க" என்று தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு அழைத்துப் போனாள்.

அந்த அம்மாயிக்கு, அவள் அம்மாவைப் பெற்றவருக்கு, எண்பது வயது. கண் மங்கிவிட்டது. என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன், நினைவு வரவில்லை. கங்காணி பெயரைச் சொன்னேன், தலையாட்டினார், அவ்வளவுதான். பெரியாத்தா என்றேன்.

"அடியே, மருத்துவச்சிப் பெரியாத்தா வூட்டுப் புள்ளையா? எந் தொப்புள்கொடிய அறுத்தது அதுதாண்டி!"

பிறகு அவர் பேசியதை ஒன்றே முக்கால் மணி நேரம் செல்போனில் பதிந்தேன். நடுராத்திரி மழையில் லாந்தர் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் பெரியாத்தா போகும். பிள்ளை பிறந்த வீட்டில் காசு வாங்காது, ஒரு வாய் காயத்தண்ணி மட்டும் குடிக்கும். துறையூர்ப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில், தோட்டத்து நம்பர் அடித்த தகரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்ததாம். அந்தத் துண்டு கழுத்தில் உரசி உரசிப் புண்ணாகிப்போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாம். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே தெரியாத சங்கதிகள் இவை. ஆனால் பெயர் மட்டும் அவருக்கும் தெரியவில்லை. "மருத்துவச்சிய யாரு பேர் சொல்லிக் கூப்புடுறது?" என்றார்.

ஐந்து வருஷமாக அங்கேயே நிற்கிறேன். உங்கள் பாட்டிமார் பெயர் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று சொல்லுங்கள்.


செய்யாறு

எங்கள் வீட்டில் காகிதம் எதுவும் கிடையாது. ஒரு புடவைதான் உண்டு. எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண், அந்த வீட்டுக்குச் சாமி. கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் முதல் படையல் அவளுக்கு. புதுப் புடவை, மஞ்சள், வளையல், பூ எல்லாம் வைத்துப் பெயர் சொல்லி அழைப்போம்.

என் கல்யாணத்துக்கு முன்னால் படையல் போட்டபோது, பெரியம்மா அழைத்த பெயரை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். சின்ன வயதில் அதை ஏதோ அம்மன் பெயர் என்று நினைத்திருந்தேன். "யாரு பெரியம்மா அது?" என்றதற்கு, "உங்க தாத்தாவோட ஆயாடா. ரெண்டாவது புள்ள பெத்தப்ப போயிடுச்சு. அந்தப் புள்ளைதான் தாத்தாவோட அப்பா" என்றார். பத்தொன்பது, இருபது வயதுதான் இருந்திருக்கும் அவளுக்கு. நான் விழுந்து கும்பிட்டது என்னைவிட ஒன்பது வயது சின்னப் பெண்ணை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்தப் பெயரை அழைக்கத் தெரிந்தவர் எங்கள் பெரியம்மா ஒருவர்தான். போன பொங்கலுக்கு என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று தடவை சொல்ல வைத்தேன்.


குடியாத்தம்

நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய மகனும் எங்கள் தெருவுக்கு வழி கேட்டு வந்தார்கள். கையில் ஒரு தாள். அந்த நாட்டு நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த ஒரு வரி. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் போய் நின்றதில் தொடங்கி, 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேராக அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம்.

அவர்கள் தேடி வந்தது ஒரு பெண்ணை. வயது இருபது. இடது புருவத்தில் தழும்பு. கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், எந்த வரைபடத்திலும் அப்படி ஓர் ஊர் இல்லை. நான் அதைக் கண்ணால் படிப்பதை விட்டுவிட்டு வாயால் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை என் கணவர் உள்ளேயிருந்து, "நம்ம பால்காரர் ஊரைத்தானே சொல்றே?" என்று கேட்டார்.

போனோம். சொந்தக்காரர் என்று யாரும் கிடைக்கவில்லை, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே. அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய பானையைப் பார்த்ததும் "கூழ், கூழ்" என்று மகனுக்குக் காட்டினார். அவர்களும் அங்கே ஊற்றுகிறார்களாம். பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "ஆயா" என்றார். நாங்களும் ஆயாதான். சுற்றி நின்ற பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் என் சொந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடிக் கிராமக் கணக்கில் நிலம் யார் பேரில் என்று இருக்கும் அ-பதிவேடு, பழைய பத்திரங்கள் எல்லாம் பார்த்தேன். தாத்தா, தாத்தாவின் அப்பா, சித்தப்பா என்று எல்லாரும் ஆண்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான், அதற்கு முந்தைய பட்டாவில் பாட்டியை எங்கே தேடுவது? கடல் தாண்டிக் கூலிக்குப் போன பெண்ணுக்கு எண்ணும் பெயரும் தழும்பும் இருக்கிறது. இங்கேயே இருந்தவளுக்கு ஒரு வரி இல்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.


ஈப்போ

எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயாவுக்கு வந்தவர். பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். பெயர் அதில் இருக்கிறது, ஆனால் எழுத்துகள் மாறிப்போய் வேறு யாரோ ஒருவர் பெயர் போல இருக்கிறது. சரியான பெயர் அவர் முன்கையில் பச்சை குத்தியிருந்தது. குளிப்பாட்டிய அன்று என் அக்கா அதைப் படம் எடுத்து வைத்தாள்.

தாத்தாவை 1943-ல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் பாதை அது. திரும்பவில்லை. போர்க்கைதிகளாக இறந்த சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. பாட்டி கடைசிவரை பொட்டை எடுக்கவில்லை. செத்துப்போனார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே என்பார்.


கும்பகோணம்

கோத்தகிரித் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் அமாவாசைத் தர்ப்பணத்தில் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் பெயரையும் சொல்வார்கள். ஒரு தலைமுறை கூடினால் பழையது ஒன்று கழிந்துவிடும். அப்படிக் கழிந்துபோன பெயர்களை நான் இருபது வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதில் கவனித்தது இது: பெயர்கள் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பி வருகின்றன. பேத்தி என்கிற சொல்லே பெயர்த்திதானே அம்மா, பாட்டி பெயரைச் சுமக்கிறவள்.

ஆனால் பெற்றவள் பெயரையும் மாமியார் பெயரையும் வைத்த குழந்தையை அந்தப் பெயர் சொல்லி அதட்ட எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. அதனால் வீட்டில் கூப்பிட வேறு ஒரு பெயர் வந்துவிடும். உங்கள் அப்பா கூடப்பிறந்த பெண்களில் வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று யாராவது உண்டா? அவரைப் போய்க் கேளுங்கள்.


கோத்தகிரி, பத்து நாள் கழித்து

கும்பகோணம் அக்கா, உங்கள் பதிலைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அப்பாவின் அக்காவை நாங்கள் பாப்பா அத்தை என்றுதான் கூப்பிடுவோம். தாத்தா, அப்பாயி, அப்பா, அக்கம்பக்கம் எல்லாருக்கும் அவர் பாப்பாதான். அவருடைய பள்ளிக்கூடத்துப் பேர் எனக்குத் தெரியும். அது யார் பேர் என்று கேட்க இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்னூருக்குப் போய்க் கேட்டேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க அம்மாயி பேருதான். அவங்க செத்த மறுவருஷம் நான் பொறந்தேன், அதான் அந்தப் பேர வச்சாங்க. உங்கப்பனுக்குத் தெரியாதா?" என்றார். அப்பாவிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அது துறையூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்தின் பெயர். பெரியாத்தாவின் பெயரை இங்கே எழுத அத்தைக்கு மனமில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வருஷமாக என்னிடம் இருக்கும் பாஸ்போர்ட். பிள்ளைகள் பெயர் எழுதிய பக்கத்தில் முதல் வரி அது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு, "எங்கம்மா என்னைய ஒரு தடவகூட இந்தப் பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல. ஒரே ஒரு தரம், கப்பல் ஏறுறப்ப ஆபீசர் கேட்டாரு. அப்பத்தான் சத்தமா சொல்லுச்சு. சொல்லிட்டு அழுதுச்சு. ஊர விட்டுப் போறதுக்கு அழுவுதுன்னு நெனச்சேன்" என்றார்.

மாசி மாதம் துறையூர் போகிறோம். அத்தையும் வருகிறார்.