தோட்டத்துச் செங்கல் ஓவன்: எந்தக் கலவை சூடு தாங்கும்?

பொள்ளாச்சிக்காரன்: 3 அடி உள்விட்டத்துல குவிமாட ஓவன் கட்டறோமுங்க. ஃபயர் பிரிக் (சூடு தாங்கற செங்கல்) வந்தாச்சு. கொத்தனார் சாதா சிமென்ட்டே போதும்ங்கறார். கடையில வாளியில ரெடிமேட் ஃபயர் மார்ட்டர் (சூடு தாங்கற பூச்சுக் கலவை) தர்றாங்க. மேல கூரை கிடையாது. எதுங்க நல்லது?

சூளைமேடு: சாதா சிமென்ட்-மணல் வேண்டாமுங்க. 400 டிகிரி தாண்டினா அதுல இருக்கற சுண்ணாம்பு தண்ணியை விட்டுரும். ஆறினப்புறம் காத்து ஈரத்தை இழுத்து உப்பும். அப்புறம் நகத்துல சுரண்டினாலே இணைப்பு கொட்டும். வாளிச் சரக்குல பெரும்பாலும் சோடியம் சிலிகேட் இருக்கும், மழைக்குக் கரையும். கூரை இல்லாத இடத்துக்கு ஹை அலுமினா சிமென்ட் (அதிகச் சூடு தாங்கற சிமென்ட்) சேர்ந்த மூட்டைக் கலவைதான் சரி. காசு கூடத்தான்.

கோவை ஃபவுண்டரி: செலவு கட்டுப்படலைன்னா: சலிச்ச மணல் 3, சிமென்ட் 1, நீர்த்த சுண்ணாம்பு 1, ஃபயர்கிளே (சூடு தாங்கற களிமண்) 1, எல்லாம் சட்டி அளவுல. சிமென்ட் போனாலும் சுண்ணாம்பும் களியும் பிடிச்சு நிக்கும். ஃபயர்கிளே இங்க ஃபவுண்டரி சாமான் கடையில கிடைக்கும். ஹை அலுமினாவுல மட்டும் சுண்ணாம்பைக் கலந்துராதீங்க, சட்டியிலயே இறுகிப்போகும்.

பொள்ளாச்சிக்காரன்: தரைக்கும் இதேதானுங்களா?

சூளைமேடு: தரைக்கல்லுக்குக் கலவையே வேண்டாம். மெல்லிசா மணல்-ஃபயர்கிளே பரப்பி நெருக்கி வைங்க. வெடிச்ச கல்லை மாத்தறது சுலபம். குவிமாடத்துல கல்லை நனைச்சு வைங்க, இல்லீன்னா கலவைத் தண்ணியைக் குடிச்சிரும். உள்பக்கம் இணைப்பு 3 மி.மீ.க்கு மேல போகவேண்டாம். கட்டினப்புறம் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. அப்புறம் 5, 6 நாள் சின்னத் தீ, 100 டிகிரியில ஆரம்பிச்சு மெல்ல ஏத்துங்க. அவசரப்பட்டா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகிக் கல்லையே பிளந்துரும்.