ஊதா லேபிளா, கிழிந்த அசலா? கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ் 10ஆம் இதழ் பற்றி

ஈரோடு வாசகன்:
கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ் 10ஆம் இதழ், ஜனவரி 1942. அந்த நாயகனை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் அந்தத் தொடரில் சேர்ந்து செய்த கடைசி இதழ். இரண்டு பிரதிகள் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் சி.ஜி.சி. (காமிக்ஸ் பிரதிகளைச் சோதித்துப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிடும் நிறுவனம்) தரம் போட்டு சீல் வைத்த பெட்டிக்குள் இருப்பவை.

முதலாவது நீல லேபிள், அதாவது சீரமைக்காதது, 1.5. முதுகு கீழிருந்து 2 அங்குலம் பிளந்திருக்கிறது. கீழ் ஸ்டேபிளில் அட்டை கழன்றுவிட்டது. அட்டையின் உட்புறம் செலோடேப். தாள் இளம்பழுப்பு.

இரண்டாவது ஊதா லேபிள், அதாவது சீரமைத்தது, 5.5. 'மிதமான சீரமைப்பு, பி-3' என்று போட்டு, கலர் டச் (மை போன இடத்தில் நிறம் பூசுவது), துண்டு சேர்ப்பு, கிழிசல் ஒட்டல், அட்டை சுத்தம் என்று நான்கு குறிப்புகள். பார்க்க இதுதான் அழகு. எதை எடுப்பது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்:
யோசிக்கவே வேண்டாம், நீலம். அந்த 5.5ஐ நம்பாதீர்கள். சீரமைத்த பிரதிக்குப் போடும் எண் இப்போதைய தோற்றத்துக்கான எண். பெயின்டையும் ஒட்டுத் துண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பதும் இன்னொரு 1.5ஆக இருக்கலாம். ஒரே நிலையில் இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றின் மேல் யாரோ வண்ணம் பூசியிருக்கிறார், அவ்வளவுதான்.

'துண்டு சேர்ப்பு' என்ற சொல்லை அலட்சியமாகக் கடந்துபோகாதீர்கள். காணாமல்போன மூலைக்கு வேறொரு பழைய அட்டையிலிருந்து வெட்டியோ, வெற்றுத்தாள் வைத்து வரைந்தோ நிரப்பியிருப்பார்கள். அந்த இடத்தில் இருப்பது 1942இன் மை கிடையாது. விற்கப் போகும்போதும் வலிக்கும். ஊதாவை 'மரண லேபிள்' என்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அழைப்பது சும்மா இல்லை.

நிறத்தூரிகை:
பழுப்புத்தாள், லேபிளின் நிறத்தை வைத்து நீங்கள் தாளையே தீர்ப்பிடுகிறீர்கள். அந்த நீலப் பிரதியில் செலோடேப் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். பழைய தாளுக்கு டேப்பைவிடக் கேடானது வேறு என்ன இருக்கிறது? அதன் பசை வருடக்கணக்கில் தாளுக்குள் இறங்கும், மஞ்சளாகும், பிறகு பழுப்பாகி மறுபக்கம் வரை எண்ணெய்க் கறைபோலத் தெரியும். இறுகிப்போன கறையை எந்த நிபுணராலும் முழுசாக எடுக்க முடியாது.

விதி எப்படி இருந்தது பாருங்கள். டேப் ஒட்டினால் அது 'குறை' மட்டும். தரம் குறையும், லேபிள் நீலமாகவே இருக்கும். அதே கிழிசலை முசுக்கட்டை நாரில் செய்த ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் வைத்து, நாளை ஈரம் காட்டி எடுத்துவிடும்படி ஒட்டினால் அது முன்பு 'சீரமைப்பு'. தாளைக் கெடுத்தவருக்கு நீலம், காப்பாற்றியவருக்கு ஊதா என்றிருந்தது. 'பாதுகாப்பு' என்று தனி லேபிள் பின்னால் வந்தது இந்த அநியாயத்தை ஓரளவு சரிசெய்யத்தான்.

பழுப்புத்தாள்:
டேப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவரின் இரண்டாவது பிரதி அந்தப் பாதுகாப்பு லேபிளில் வராது. கிழிசல் ஒட்டல், அதே காலத்துப் பழைய ஸ்டேபிளைப் போட்டு மாற்றுதல், கழன்ற துண்டை அதே இடத்தில் திரும்ப ஒட்டுதல், அமில நீக்கம், சிலவகைச் சுத்தம், இவைதான் பாதுகாப்பு வேலை. கலர் டச்சும் புதுத் துண்டும் வந்தாலே ஊதா. நல்ல வைத்தியத்தைக் காட்டி ஒப்பனைக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குகிறீர்கள்.

தாள் வைத்தியர்:
இருவருமே லேபிளிலிருந்து தொடங்குகிறீர்கள். தாளிலிருந்து தொடங்குவோம்.

முதலில் 'பி-3'. எழுத்து வேலையின் தரம், எண் வேலையின் அளவு. ஏ என்றால் காப்பகத் தரப் பொருள்கள், தேர்ந்த கை. சி என்றால் ஃபெல்ட் பேனா, வெள்ளைப் பசை, ரப்பர் பசை வகை வீட்டு வேலை. பி இடைப்பட்டது. 1 மிகக் குறைவு, 5 மிக அதிகம். என் கணக்கில் எழுத்துக்குத்தான் எடை அதிகம். சி-1 என்று சின்னதாகத் தெரிவது ஏ-3ஐவிட மோசமாக இருக்கலாம், ஏனென்றால் ஃபெல்ட் பேனா மை நாருக்குள் ஊறிவிடும், வெளியே வராது. சின்ன இடமாக இருந்தால் சுரண்டி எடுத்து நீல லேபிளுக்குத் திருப்புகிறவர்கள் உண்டு. சுரண்டிய இடத்தில் அசல் மையும் போய் வெள்ளை தெரியும். அந்தக் குறைக்கும் சேர்த்துத் தரம் இறங்கும்.

லேபிளில் 'டிரிம்' என்ற சொல் இல்லை என்பது நல்ல செய்தி. ஓரத்தை வெட்டி நேராக்கிய பிரதியை எந்தக் கையாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அந்தச் சொல் இருந்திருந்தால் விவாதத்துக்கே இடமில்லை, வாங்காதீர்கள் என்று முடித்திருப்பேன்.

பெட்டிக்குள் இல்லாத பிரதியை எப்படிச் சோதிப்பது என்பதையும் எழுதிவிடுகிறேன், பலருக்குப் பயன்படும்.

அட்டையின் உட்புறத்தை முதலில் பாருங்கள். கலர் டச் வெளியே அழகாகப் பொருந்தியிருக்கும். முதுகு மடிப்பை ஒட்டி உட்புறம் அந்த நிறம் ஊறி வந்திருக்கும். பெரும்பாலான திருட்டு அங்கேதான் பிடிபடும். பிறகு 10 மடங்கு லென்ஸ். அசல் அச்சில் நிறம் புள்ளிகளாக இருக்கும், மடிப்புக் கோட்டில் மை உடைந்து வெள்ளை நார் தெரியும். புள்ளி இல்லாமல் தட்டையாக, உடைந்த கோட்டின் மேலேயே நிறம் ஏறியிருந்தால் அது பின்னால் பூசியது. 365 நானோமீட்டர் யூவி டார்ச்சை இருட்டறையில் அடித்தால் வெண்மையூட்டி கலந்த பிற்காலத் தாள் நீலவெள்ளையாக ஒளிரும். 1942இன் தாள் மங்கலாகவே கிடக்கும். சில பசைகளும் ஒளிரும்.

டிரிம் செய்ததா என்று பார்க்க அளவுகோல் மட்டும் போதாது. அந்தக் காலத்து இதழ் ஏறக்குறைய 7¾ க்கு 10½ அங்குலம், ஆனால் அச்சகத்திலேயே கூடக்குறைய வெட்டியிருப்பார்கள். ஓரத்தின் நிறத்தைப் பாருங்கள். எண்பது வருடம் காற்று பட்ட ஓரம் பக்கத்தின் நடுப்பகுதியைவிடப் பழுத்திருக்க வேண்டும். மூன்று பக்கத்தில் ஒன்று மட்டும் வெளிறி, பிசிறே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மழுங்கிய ஆலைக் கத்தி விட்ட சின்னப் பிசிறுகள்தான் அசல் வெட்டுக்கு அடையாளம்.

ஸ்டேபிள் துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு ஸ்டேபிளுக்கும் இரண்டு துளை. கூடுதல் துளை இருந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் துரு வளையம் அடுத்த தாளிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். நீர்க்கறைக்கும் அதே நியாயம்தான்: முதல் பக்கத்தில் கறை, அட்டையில் மட்டும் இல்லை என்றால், அட்டையைக் கழுவியிருக்கிறார்கள் அல்லது வேறு பிரதியின் அட்டையைச் சேர்த்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பக்கம் எண்ணுவது. அட்டை நீங்கலாக 64 பக்கம், அதாவது மடித்த 16 தாள்கள். நடுத்தாள் கழன்று தொலைவது வழக்கம். இரண்டு பக்க உரைநடைக் கதையையும் தேடுங்கள். மலிவான அஞ்சல் கட்டணத்துக்காக அப்போது எல்லா இதழிலும் அது இருந்தது, படம் இல்லாததால் அந்த இலை போனாலும் யாரும் கவனிப்பதில்லை. இந்தத் தொடரில் 10 சென்ட் அனுப்பி 'சென்டினல்ஸ் ஆஃப் லிபர்ட்டி' சங்கத்தில் சேரும் விளம்பரமும் வந்தது. கூப்பன் வெட்டிய பிரதி என்றால் வெட்டின் பின்பக்கம் கதையும் போயிருக்கலாம்.

நிறத்தூரிகை:
அருமை. ஆனால் இதில் பாதிச் சோதனை பெட்டிக்குள் இருக்கும் பிரதிக்கு முடியாதே. பெட்டியைத் திறந்தால் தரச் சான்று போச்சு. அப்படியிருக்க, 'சீரமைப்பு இன்னின்னது' என்று நான்கு வரியில் எழுதி வைத்திருக்கும் ஊதாதானே நேர்மையான பிரதி? நீலத்தில் அட்டை முதுகில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது, எத்தனை பக்கம் உதிர்கிறது என்று எண் மட்டும் சொல்லாதே.

அந்த 1.5ஐப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருமுறை புரட்டினால் 2 அங்குலப் பிளவு 3 ஆகும். பிளவு ஒட்டி, அட்டை பிடித்து நிற்கும் பிரதியைக் கிர்பியின் பக்க அமைப்புக்காகத் திறந்து பார்க்கலாம். காமிக்ஸ் படிக்கத்தானே?

பழுப்புத்தாள்:
படிக்க மறுபதிப்பு இருக்கிறது. அசலை வாங்குவது அந்தப் பொருளுக்காக. அந்த மை, அந்தத் தாள், அந்த ஸ்டேபிள்.

இன்னொன்று. 'அட்டை சுத்தம்' என்றால் எந்தச் சுத்தம்? உலர் அழிப்பான் வைத்துத் துடைத்தால் அது சீரமைப்பாகவே கணக்கில் வராது. லேபிளில் ஏறியிருக்கிறது என்றால் தண்ணீரிலோ ரசாயனத்திலோ முக்கியிருக்கிறார்கள். அட்டையைப் பிரிக்காமல் அது நடக்காது. பிரித்து, கழுவி, மறுபடி மாட்டும்போது பளபளப்புப் பூச்சில் கொஞ்சம் போகும். வெளுக்கும் ரசாயனம் பட்டிருந்தால் நாரும் பலவீனமாகும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது ஆரோக்கியம் இல்லை.

பழைய காமிக்ஸ் சேகரிப்பாளர் எட்கர் சர்ச்சின் பிரதிகளை நினைத்துப் பாருங்கள். கொலராடோவின் வறண்ட காற்றில், டென்வர் வீட்டில், இறுக்கி அடுக்கியே வைத்திருந்தார். 1977இல் காமிக்ஸ் வியாபாரி சக் ரோசான்ஸ்கி வாங்கும்போது பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. இறுக்கமான அடுக்குக்குள் காற்றும் வெளிச்சமும் போகவில்லை, காற்றில் ஈரமும் இல்லை. யாரும் கழுவவில்லை. அந்த வெண்மைக்கும் தொட்டியில் முக்கி எடுத்த வெண்மைக்கும் நான் ஒரே மரியாதை கொடுக்க மாட்டேன்.

தாள் வைத்தியர்:
சர்ச் சேகரிப்பு போன்றது மிக அபூர்வம், அதை வைத்து 1.5ஐ எடைபோட முடியாது. கேள்விக்கு வருவோம்.

தாள் இளம்பழுப்பு என்கிறார். நியூஸ்பிரிண்ட் என்பது மரத்தை அப்படியே அரைத்த கூழ். தாளைப் பழுக்கவைக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் உள்ளே இருக்கிறது, தயாரிப்பிலேயே அமிலமும் சேர்ந்திருக்கிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டிக்கொண்டே போகும், அதுதான் தாள் நொறுங்கக் காரணம். மெக்னீசியம் ஆக்சைடு தெளிப்பு அமிலத்தை நிறுத்தும். வெட்டுப்பட்ட சங்கிலியை ஒட்டாது. ஆகவே பழுப்பைவிட லேபிளில் 'நொறுங்கும்' என்ற சொல் இருக்கிறதா என்பதே முக்கியம். நீலத்தில் அந்தச் சொல் இல்லையென்றால் 1.5 தாராளமாக நிற்கும். பெட்டியின் அடியில் தவிட்டுத் துகள்போலத் தாள் பொடி கிடந்தால் விட்டுவிடுங்கள்.

ஊதாவுக்கு ஒரு கேள்வி போதும்: சேர்த்த துண்டு எவ்வளவு பெரிசு, எங்கே? மூலையில் நகக்கண் அளவு என்றால் நான் ஊதாவைத்தான் எடுப்பேன், விலை இன்னும் குறைந்தால். கேப்டனின் முகத்திலோ தலைப்பு எழுத்திலோ என்றால் வேண்டாம்.

நாகை கடற்கரை:
எதை வாங்கினாலும் நம் ஊரில் வைக்கப் போகிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், வெப்பம் 21 டிகிரிக்கு மேல் போகாமல். கடலோரத்தில் இது தானாக நடக்காது. ஈரமானி ஒன்று வாங்கி, மூடிய அலமாரியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

பெட்டியில் இல்லாத பிரதிக்கு 4 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு) தடிமன் பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலத்தை முறிக்க 3 சதவீதம் கால்சியம் கார்பனேட் கலந்த தாங்கு அட்டை. மேற்பரப்பில் மட்டும் கார்பனேட் பூசிய மலிவு அட்டை சில வருடங்களில் தானே புளிக்கும். அட்டை கழன்ற இதழை நிறுத்தி வைக்காதீர்கள், படுக்கவைக்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். சுவடிக்கு வைத்த பழக்கத்தில் வசம்பு வைப்பவர்களும் உண்டு. நியூஸ்பிரிண்ட்டில் அதன் எண்ணெய் கறையாக இறங்கும்.

ஈரோடு வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. விற்பவர்களிடம் கேட்டேன். நீலத்தில் 'நொறுங்கும்' குறிப்பு இல்லை; டேப் பின்னட்டையின் உட்புறம் மட்டும், ஒன்றரை அங்குலம். ஊதாவில் சேர்த்த துண்டு முன்னட்டையின் மேல் இடது மூலை, ஏறக்குறைய ஓர் அங்குலம்.

பழுப்புத்தாள்:
மேல் இடது மூலையில் ஓர் அங்குலம் என்றால் தலைப்பின் முதல் எழுத்தைத் தொடுமே. இனி பேச என்ன இருக்கிறது?

நிறத்தூரிகை:
தொடுகிறதா, ஓரத்தோடு நிற்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். அந்த மூலையைப் பெரிதாக்கிய ஸ்கேன் கேளுங்கள், குறைந்தது 600 டிபிஐ. புள்ளி அச்சு எங்கே நின்று பூச்சு எங்கே தொடங்குகிறது என்று அதிலேயே தெரியும்.

தாள் வைத்தியர்:
ஸ்கேனோடு பெட்டியின் நான்கு ஓரத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பிரதியை மாற்றிவிட்டுப் பெட்டியை மூடும் மோசடி நடந்திருக்கிறது. விரிசல், பிளாஸ்டிக் வெளுத்த தழும்பு, லேபிள் சற்றுச் சாய்ந்திருப்பது, இவை இருக்கிறதா பாருங்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுக் குறிப்பு நான்கும் அப்படியே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். நீலத்துக்கும் இதையே செய்யுங்கள்.