மறுமடல்: பேட்டன்ட் தியேட்டர், லைசென்சிங் ஆக்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

தாமதமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டு லண்டன் நாடக உலகம் பற்றிய கட்டுரைக்கு நீங்கள் தந்த இரண்டு சொற்களில், பேட்டன்ட் தியேட்டருக்கான 'காப்புரிமை அரங்கு' எனக்கு ஒட்டவில்லை. லைசென்சிங் ஆக்டுக்கான 'நாடகத் தணிக்கைச் சட்டம்' அதைவிட ஒட்டவில்லை. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> பேட்டன்டுக்குக் காப்புரிமை என்பது நிலைபெற்றுவிட்டது, அதையே ஆளலாமே.

நிலைபெற்றதுதான் சிக்கல். காப்புரிமை என்றதும் யாரோ எதையோ கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கில்லிகுரூவும் டாவனன்டும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. லண்டனில் நாடகக் குழு வைத்து நடத்தும் உரிமையை இந்த இருவருக்கு மட்டும் 1660-களின் தொடக்கத்தில் மன்னர் இரண்டாம் சார்லஸ் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். பேட்டன்ட் என்ற சொல்லின் மூலப்பொருளே 'திறந்திருப்பது': மடித்து மூடி முத்திரை வைக்காமல், எவரும் படிக்கும்படி விரித்தபடி கொடுத்த அரச ஓலை. அதற்கு நம்மிடம் பட்டயம் இருக்கிறதே. இன்று பட்டயம் என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோ நினைவுக்கு வரும் என்று தம்பி ஒருவர் இந்த இழையில் சொன்னார், உண்மைதான். ஆனால் பட்டயக் கணக்காளரைப் பார்த்து யாரும் டிப்ளமோ படித்தவர் என்று எண்ணுவதில்லை. 'பட்டய அரங்கு' போதும்.

'அரச அரங்கு' வேண்டாம். பட்டய அரங்குகளான ட்ரூரி லேனும் கோவென்ட் கார்டனும் அரசர் பணம் போட்டு நடத்தியவை அல்ல, முழுக்க முழுக்கத் தனியார் வியாபாரம். உரிமை கைமாறும், பங்கு பங்காக விற்கும். ட்ரூரி லேனில் தனக்கிருந்த பாதியை நடிகர் கேரிக் 1776-இல் 35,000 பவுண்டுக்கு நாடகாசிரியர் ஷெரிடன் கூட்டத்துக்கு விற்றார். நியாயமாகப் பார்த்தால் 'மிராசு அரங்கு' என்றே சொல்லலாம், ஆனால் கட்டுரை தஞ்சாவூருக்குப் போய்விடும்.

இனிப் பெரியது.

> லைசென்சிங் ஆக்ட் என்றாலும் செய்தது தணிக்கைதானே? பெயரை விட்டுச் செயலைச் சொல்லலாம்.

செயலைத்தான் பார்க்கிறேன். 1737 சட்டம் இரண்டு வேலை செய்தது. ஒன்று, பட்டயமோ, அரண்மனை உயரதிகாரியான லார்ட் சேம்பர்லினின் உரிமமோ இல்லாத இடத்தில் காசு வாங்கி நாடகம் போடுவதைக் குற்றமாக்கியது. இதற்கு 'உரிமம்' பொருந்துகிறது, சண்டையில்லை. இரண்டாவது, புது நாடகம் எதுவானாலும், பழைய நாடகத்தில் புதிதாகச் சேர்த்த காட்சியானாலும், முன்னுரைப் பாட்டானாலும், மேடையேற 14 நாள் முன்பே அதன் பிரதி லார்ட் சேம்பர்லினிடம் போய்ச் சேர வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் சொல்லத் தேவையில்லை. மீறினால் 50 பவுண்டு அபராதம்.

இந்த இரண்டாவதைத்தான் நீங்கள் தணிக்கை என்கிறீர்கள். எனக்கு என்ன தடை என்றால், தணிக்கை என்றதும் நம் மனம் எழுத்தும் பேச்சும் மொத்தமாக நறுக்கப்படுவதை நினைக்கிறது (பாதிப் பேருக்குக் கணக்குத் தணிக்கையாளர் நினைவுக்கு வருவார், அது வேறு). இங்கே எழுத்தை யாரும் தொடவில்லை. அச்சுக்கு முன்அனுமதி கேட்கும் சட்டம் 1695-லேயே காலாவதியாகிவிட்டது. 1739-இல் ஹென்றி புரூக்கின் 'குஸ்டாவஸ் வாசா' நாடகம் ட்ரூரி லேனில் ஒத்திகையில் இருந்தபோது தடைபட்டது. கதை ஸ்வீடனில் நடக்கிறது, ஆனால் அதில் வரும் கெட்ட மந்திரி அப்போதைய பிரதமர் வால்போல்தான் என்று எல்லோருக்கும் தெரியும். புரூக் என்ன செய்தார்? முன்பணம் வசூலித்து அதையே புத்தகமாகப் போட்டார். பத்து ஆண்டு முன்னால், இந்தச் சட்டம் வருவதற்கும் முன்பே, தன் 'பாலி' நாடகம் தடைபட்டபோது ஜான் கேயும் இதைத்தான் செய்து நல்ல காசு பார்த்தார். கடையில் வாங்கி வீட்டில் படிக்கலாம், நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக உட்கார்ந்து கைதட்டத்தான் கூடாது. அரசு பயந்தது வசனத்துக்கு அல்ல, அந்தக் கைதட்டலுக்கு. ஹேமார்க்கெட் சிற்றரங்கில் நாடகாசிரியர் ஃபீல்டிங் வால்போலைக் கிழித்துத் தொங்கவிட்டபோது கேட்ட சிரிப்புதான் சட்டம் வரை இழுத்தது.

எனவே என் பரிந்துரை 'அரங்கேற்ற இசைவு'. சட்டம் குறிவைத்ததே புது நாடகத்தின் முதல் மேடையேற்றத்தை, அதாவது அரங்கேற்றத்தை. கூட இன்னொன்றும் கிடைக்கிறது. நம் மரபிலும் நூலை அரங்கேற்றுவது என்றால் பெரியவர்கள் முன் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்குவதுதான். ஆனால் அங்கே தடை சொல்பவர் சபையில் எழுந்து சொல்லியாக வேண்டும், புலவர் பதில் சொல்லலாம். லண்டனில் ஓர் அதிகாரி அறைக்குள் தனியாகப் படித்துவிட்டுத் தலையாட்டுவார் அல்லது ஆட்டமாட்டார். இந்த முரண் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஒரு நடைமுறைக் காரணம். கட்டுரையின் கடைசியில் 1876-இன் இந்திய நாடகச் சட்டம் வருகிறது. அது பெரும்பாலும் தடையாணைச் சட்டம், அரசுக்கு ஆகாத நாடகம் என்று பட்டால் நிறுத்தும் அதிகாரம். இரண்டையும் தணிக்கை என்றே எழுதினால் லண்டனில் எல்லாப் புது நாடகமும் வரிசையில் நின்றது என்பதே தெரியாமல் போய்விடும்.

லார்ட் சேம்பர்லினுக்காகப் பிரதிகளைப் படித்துப் பார்க்கும் எக்ஸாமினர் ஆஃப் பிளேஸ் என்பவருக்கு 'நாடக ஆய்வாளர்' போட்டிருக்கிறீர்கள். முனைவர் பட்ட மாணவர் போல் ஒலிக்கிறது. 'நாடகப் பரிசோதகர்' என்போம். ரயிலில் சீட்டுக் கேட்பவர் நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை, வேலை ஏறக்குறைய அதுதான். இவர்களில் ஜான் லார்பென்ட் 1778 முதல் 1824 வரை அந்த நாற்காலியில் இருந்தார். தன்னிடம் வந்த பிரதிகளை அவர் பத்திரப்படுத்தியதால்தான் அவை இன்று கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் கிடைக்கின்றன. லார்ட் சேம்பர்லினைத் தமிழாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கும் பிடிபடவில்லை. பட்டயம் இல்லாத அரங்குகள் பாட்டு, கூத்து, ஊமைக்கூத்து போடலாம், பேசி நடிக்கும் நாடகம் மட்டும் கூடாது. பட்டயமில்லாத குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கில் 1741-இல் இசைக் கச்சேரிக்கு டிக்கெட் விற்று, நடுவில் நாடகம் 'இலவசம்' என்று விளம்பரம் செய்தார்கள். கேரிக் மூன்றாம் ரிச்சர்டாக லண்டனை அசத்தியது அந்த இலவசத்தில்தான். நடிகர் சாமுவேல் ஃபுட் 1747-இல் ஒரு கோப்பை சாக்லேட் குடிக்க வாருங்கள் என்று நண்பர்களை அழைப்பதாக அறிவித்து மேடை ஏறினார். இப்படிப் பட்டயக்காரர்களுக்கே ஒதுக்கிவைத்த அந்தப் பேச்சு நாடகத்துக்கு 'லெஜிடிமேட்' என்று பெயர். 'முறையான நாடகம்' என்றால் மற்றதெல்லாம் முறைகேடு போலாகிறது, 'வசன நாடகம்' என்றால் சட்டத்தின் வாசனை போய்விடுகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?