பழைய ஒளிமானியும் டிஜிட்டல் கேமராவும்: இரண்டு ஸ்டாப் வேறுபாடு எதனால்?

வண்ணாரப்பேட்டை நிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் திருமணப் படங்கள் எடுத்துவந்த என் தாய்மாமா, தம்முடைய செகோனிக் எல்-398 ஒளிமானியைத் தோல் உறையோடு என்னிடம் கொடுத்திருக்கிறார். பேட்டரியே தேவைப்படாத கருவி. ஜன்னல் பக்கம் திருப்பி நடுப்பொத்தானை அழுத்தினால் முள் இன்றும் துள்ளி எழுகிறது. ஆனால் அது காட்டும் அளவும் என் மிரர்லெஸ் கேமரா காட்டும் அளவும் ஒத்துப்போகவில்லை.

குறுக்குத்துறைப் படித்துறையில், மருத மர நிழலில், வெள்ளை வேட்டி சட்டையுடன் நின்ற பெரியவர் ஒருவரை அவருடைய இசைவுடன் படமெடுத்தேன். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/125 என்று வைத்தபோது, அவர் முகத்தருகே பிடித்த ஒளிமானி, லென்ஸ் துளையின் அளவாக எஃப்/4 என்றது. வேட்டி சட்டையே படத்தை நிறைத்திருந்ததால்தானோ என்னவோ, கேமரா எஃப்/8 என்றது; அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது). மறுநாள் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில், அனுமதி பெற்று, வீரபத்திரர் சிற்பத்தை அளந்தபோது நிலைமை தலைகீழானது: கேமரா ஒளிமானியைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கேட்டது. போதாக்குறைக்கு, வெயிலில் நீட்டினால் முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒளிமானிக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செலினியம் செத்துவிட்டதா, அல்லது டிஜிட்டல் ஐ.எஸ்.ஓ. வேறு கணக்கா?

தாமிரபரணிக்கரை அண்ணாச்சி

தம்பி, மாமாவின் மீட்டர் நலமாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். செத்துப்போன செலினியம் எங்கும் ஒரே பக்கமாகக் குறைத்துக் காட்டுமே தவிர, வேட்டிக்கு ஒரு பேச்சும் கருங்கல்லுக்கு ஒரு பேச்சும் பேசாது. ஆள் மாற்றிப் பேசுவது உங்கள் கேமராதான்.

கேமரா பார்ப்பது பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வது அதன் இயல்பு. ஆகவே வெள்ளை வேட்டியைக் கண்டால் ஒளியைக் குறைக்கச் சொல்லும், கருங்கல்லைக் கண்டால் கூட்டச் சொல்லும். உங்கள் கையிலுள்ள வெள்ளைக் குமிழ் போட்ட மீட்டரோ பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கிறது; அங்கே நிற்பவர் வேட்டி கட்டியிருக்கிறாரா, கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கிறாரா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. வெண்துணி விஷயத்தில் இரண்டு ஸ்டாப் வேறுபாடு வந்தது மிகச் சரியானதே. பொருளின் அருகே நின்று, குமிழைக் கேமராவை நோக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். குமிழைப் பொருளின் பக்கம் திருப்பி அளந்துவிட்டு மீட்டரைக் குறை சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெயிலில் முள் முட்டுவதற்குக் காரணம் வேறு. இந்த மாதிரியோடு, நுண்துளைகள் இட்ட சிறிய தகடு ஒன்று வரும். ஹை ஸ்லைடு என்போம். வெளிச்சம் மிகுந்த இடத்தில் அதைத் தலைப்பகுதியிலுள்ள பிளவில் செருகி, முள் காட்டும் எண்ணை டயலில் ‘ஹெச்’ என்ற குறிக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். உறையைத் துழாவிப் பாருங்கள். கிடைத்ததும், மழை கழுவிவிட்ட தெளிந்த வானத்தில் உச்சிவெயில் அடிக்கும்போது குமிழைச் சூரியனை நோக்கிப் பிடியுங்கள், ஐ.எஸ்.ஓ. 100-க்கு 1/125, எஃப்/16 என்ற அளவையொட்டி வந்தால் கவலையில்லை. அதற்கு முன்பாகக் குமிழை முழுவதும் மூடிப் பொத்தானை அழுத்தி, முள் பூஜ்யத்தில் படுக்கிறதா என்றும் பாருங்கள். படுக்காவிட்டால் பின்புறத்துத் திருகைச் சிறிதளவு திருப்பினால் போதும்.

மேலப்பாளையம் பிக்சல்

அண்ணாச்சி சொன்னதே முதன்மையான காரணம். ஆனால் ஐ.எஸ்.ஓ. பற்றிய ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2006-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 12232 தரநிலை, தங்கள் கேமராவில் எந்த எண் தக்க பிரகாசத்தைத் தரும் என்பதைத் தயாரிப்பாளர்களே பரிந்துரைக்கும் முறைக்கும் இடமளிக்கிறது. எனவே இரண்டு கேமராக்களில் 100 என்பது அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சாம்பல் அட்டை ஒன்றைச் சீரான நிழலில் வைத்து, ஒளிமானி சொன்னபடியே மேனுவலில் எடுத்து, ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருளும் ஒளியும் பரவியுள்ள விதத்தைக் காட்டும் வரைபடத்தின்) முகடு நடுவையொட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் ஒளிமானியின் டயலை 100-க்குப் பதில் 80-இல் வையுங்கள். கேமராவில் எதையும் மாற்ற வேண்டாம்.

மாமாவின் காலத்து நெகட்டிவ் ஃபிலிம், ஒளி சற்றுக் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் சென்சாரில் வெண்மை எல்லை தாண்டிவிட்டால் அங்கே மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது. பந்தல் நிழலில் மணமக்கள், பின்னால் கொளுத்தும் வெயில் என்ற காட்சியில், நிழலில் அளந்த அளவு முகத்துக்குப் பொருந்தும். பின்னணி வெளுத்துப்போவதை அது தடுக்காது. அங்கே முடிவு உங்களுடையது. அதேபோல, லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் (ஒளியை மட்டுப்படுத்தும் கண்ணாடி) போட்டாலும், நெருங்கிச் சென்று பொருளை அதன் இயல்பளவிலேயே படமாக்கினாலும் ஒளி குறையும். கேமரா அதை உள்ளிருந்தே உணர்ந்துவிடும். கையிலுள்ள மானிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். இயல்பளவு மேக்ரோவுக்கு ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள்.

தென்காசிச் சாரல்

ஒரு செய்தி மட்டும். செலினியத்துக்கு ஈரப்பதம் ஆகாது. சாரல் மாதங்களில் அலமாரியில் கிடந்த என் பழைய மீட்டர் ஒன்று இப்போது எந்த வெளிச்சத்திலும் ஒன்றரை ஸ்டாப் குறைத்தே காட்டுகிறது. சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஃபிளாஷ் ஒளியை இந்தக் கருவி அளக்காது என்பதால், மண்டபத்தில் ஃபிளாஷ் போடும் நாளில் இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

வண்ணாரப்பேட்டை நிழல்

மூவருக்கும் நன்றி. அந்தத் தகடு தோல் உறையின் உள்மடிப்பில், நான்காக மடித்த ஒரு பழைய ரசீதுக்குள் பத்திரமாக இருந்தது. நேற்று நண்பகல் மொட்டைமாடியில் அதைச் செருகி அளந்தேன்: 1/125-க்கு எஃப்/16-ஐ விட ஒரு மயிரிழை குறைவு. சாம்பல் அட்டைச் சோதனையில் முகடு இடப்பக்கம் சற்றே சாய்ந்ததால் டயலை 80-இல் வைத்திருக்கிறேன். இதைப் பார்த்த மாமா, தாமும் எப்போதும் அப்படித்தான் வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு, ஃபிலிமுக்குச் சற்றுக் கூடுதல் ஒளி கொடுத்தால்தான் பிரிண்ட் நன்றாக வரும் என்று தம்முடைய காரணத்தைக் கூறினார்.