தூண்டில் ராடு கட்டுறேன், கைடு எங்கே வைக்கணும்?

அண்ணன்மாரே, குடியாத்தத்துல இருந்து எழுதுறேன். எங்க ஏரி விராலுக்குன்னு 7 அடி ஸ்பின்னிங் ராடு ஒண்ணு நானே கட்டுறேன். அடிக்கு ஒரு கைடுன்னு (தூண்டில் நரம்பு ஓடுற வளையம்) 7, நுனி வளையம் தனி. பெரிய வளையத்தை ரீல்ல இருந்து 20 அங்குலம் தள்ளி வெச்சு, நுனிப்பக்கம் போகப்போக இடைவெளியைக் குறைச்சேன். கைடுகளை இன்னும் நூல் சுத்தி இறுக்கல, இப்போதைக்கு டேப்புதான்.

நரம்பைக் கோத்து சுவத்து ஆணியில கட்டி வளைச்சுப் பார்த்தா, நுனியிலிருந்து 4வது கைடுக்கும் 5வது கைடுக்கும் நடுவுல மட்டும் நரம்பு வளைவோட போகாம நேரா வெட்டிக்கிட்டுப் போகுது. அந்த ரெண்டையும் நெருக்கணுமா, எட்டாவதா ஒண்ணு சேர்க்கணுமா? சேர்த்தா கனம் ஏறி வீச்சு குறையுமோன்னு பயம். (வேலூர் முழுக்க அலைஞ்சு, கடைசில ஆன்லைன்ல வாங்கினதே ஏழுதான்.)

கட்டின அனுபவம் உள்ளவங்க உங்க அளவை அங்குலத்துல சொல்லுங்க. நூல் மேல பூசுற எபாக்ஸி பசை காஞ்சிட்டா பிரிக்கிறது பெரும்பாடு.